ஒழுகும் டேங்கும் ஒரு ரப்பர் வளையமும்

நேசபாய் இன்று வீட்டுக்கு வருகிறாள்.

வருகிறாள் என்று நாம் சந்தோஷப்பட்டால் மட்டும் போதாது, அவள் திரும்பிப் போகாமலும் இருக்க வேண்டும். அது அவளுடைய மகள் ஷெர்லியின் கையில் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, வீட்டுக்கு வெளியே இருக்கும் பழைய கக்கூசின் படியில் வழுக்கி நேசபாய் விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பில் ஆப்பரேஷன் ஆயிற்று. இனி ஜென்மத்துக்கும் குத்தவைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஷெர்லி தன் அம்மாவை நேராக வடசேரியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

“அப்பா, அந்தக் கக்கூசு இருக்குத வீட்டுக்கு எனக்க அம்மைய நான் விடமாட்டேன். நீங்க என்ன வேணும்னாலும் நெனச்சுக்கிடுங்க” என்று போனில் சொன்னாள். நேசபாயின் கணவர் ஆபேல் போனைக் கீழே வைத்தார். அருமனையில் ரப்பர் மரங்கள் நிற்கும் விளைக்கு நடுவே இருந்த வீட்டில் அன்று முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மருமகள் ஜெஸ்பின்தான் ஒரு முடிவு எடுத்தாள். மஸ்கட்டில் இருக்கும் கணவன் எட்சனிடம் பேசினாள். படுக்கையறையை ஒட்டிக் கிடந்த சாமான் அறையைக் காலி செய்து, யூரோப்பியன் க்ளோசெட் வைத்து, சுவரில் பிடித்து எழக் கம்பி பதித்து, வழுக்காத தரை போட்டாள். “வீட்டுக்குள்ள கக்கூசா?” என்று முகம் சுளித்த ஆபேல், வேலை தொடங்கியதும் தானே செங்கல் சுமந்தார். மனைவி வருவாள் என்றால் மனிதர் மலையையே சுமப்பார்.

“சனிக்கிழமை அம்மைய கூட்டிட்டு வாறேன்” என்று ஷெர்லி சொல்லியிருந்தாள். “எல்லாத்தையும் நான் பாப்பேன். செரியில்லைனா சாயங்காலமே திருப்பிக் கொண்டு போயிருவேன். அவங்க துணிப்பை வண்டியிலதான் கிடக்கும்.”

அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது சமையலறைக் குழாய் இருமியது. தண்ணீர் வரவில்லை.

ஜெஸ்பின் மோட்டாரைப் போட்டுவிட்டு யோசித்தாள். நேற்று சாயங்காலம்தான் மேல் டேங்க் நிறைந்தது. இரண்டே பேர் இருக்கும் வீட்டில் அத்தனை தண்ணீரும் எங்கே போயிருக்கும்?

காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். புதுக் கழிவறை வாசலில் வந்ததும் விடை கேட்டது. யாரும் உபயோகிக்காத ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் சர்ரென்று ஏறிக்கொண்டிருந்தது. க்ளோசெட்டின் உள்சுவரில் மெல்லிய ஓடைபோல் வழிந்துகொண்டும் இருந்தது. ஏறுகிறது, வழிகிறது, மறுபடி ஏறுகிறது. இரவெல்லாம் இதே கதைதான் நடந்திருக்கிறது.

“மாமா! ஃப்ளஷ் டேங்கு நிக்காம ஓடுது. மேல் டேங்கு முழுக்க அதுலதான் காலி ஆயிருக்கு.”

ஆபேல் கட்டன் சாயாவைக் கையில் பிடித்தபடி வந்தார். எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று.

“அது மிதவையாக்கும் மக்களே. அதை லேசா ஒண்ணு திருகிவிட்டா செரியாப் போவும்.”

“நல்ல நாள் பாத்துது. இன்னைக்கு லைன் வேலைன்னு ஒம்பது மணிக்குக் கரண்டை எடுத்துருவாங்க. சாயங்காலந்தான் வரும். இப்ப மோட்டாரு ஏத்துத வெள்ளம்தான் நமக்கு. இது இப்படி ஓடினா ஷெர்லி மைனி வரும்போ கை கழுவக்கூட இருக்காது.”

கிணற்றில் கோரி வாளியில் கொண்டுவந்து ஊற்றலாம். ஆனால் மாமியாருக்காக வாளியோடு வாசலில் நிற்கும் வீட்டை ஷெர்லி எப்படிப் பார்ப்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிளம்பருக்குப் போன் போட்டாள். அவன் களியக்காவிளையில் ஒரு கல்யாண மண்டப வேலையில் நின்றான். திங்கட்கிழமை வருகிறேன் என்றான். திங்கட்கிழமை வந்து அவன் என்ன செய்ய?

ஜெஸ்பின் நைட்டியின் மேல் துவர்த்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நமக்குக் கோபம் வருகிற இடத்தில் அவளுக்குச் சந்தேகம் வரும். அது நல்ல குணம்.

முதலில் டேங்கின் மூடியைத் தூக்கித் தரையில் வைத்தாள். உள்ளே பார்த்தாள்.

“மாமா, மிதவை இல்ல. மிதவை கெட்டுப்போனா வெள்ளம் மேல வர ஏறி, இந்த நடுக்குழாயோட வாய் வழியா உள்ள இறங்கும். இப்ப பாருங்க, வாய்க்குக் கீழதான் நிக்கி. அப்பம் மேல கூடிப் போவேல்ல.”

“பின்ன?”

“அடியில கூடித்தான் போவுது.”

ஆபேல் கட்டன் சாயாவை ஒரே மடக்கில் குடித்தார்.

ஜெஸ்பின் கீழே இருந்த ஆங்கிள் வால்வைத் திருகி டேங்குக்கு வரும் தண்ணீரை அடைத்தாள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்துவந்து டேங்குக்குள் விட்டாள். பிள்ளைகளுக்கு வகுப்பில் செய்து காட்டுவதுபோல் கைகட்டி நின்றாள். ஆபேலும் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெளேரென்ற க்ளோசெட்டுக்குள் நீலம் கோடு கோடாக இறங்கியது.

“கண்டியளா? யாரும் பட்டனை அமுக்கேல்ல. அடியில இருக்குத வாஷர் வெள்ளத்தப் பிடிக்கமாட்டேங்குது. போட்டு முழுசா மூணு வாரம் ஆவேல்ல, அதுக்குள்ள எப்படி மாமா கெடும்?”

“கம்பெனிக்காரனுவ இப்பம் எல்லாம் ஏமாத்துதானுவ” என்றார் ஆபேல். ஆனால் குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

டேங்கில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஃப்ளஷ் செய்து இறக்கிவிட்டு, நடுவில் நின்ற குழாயைப் பிடித்துத் திருகினாள். அது கையோடு வந்தது. அதன் அடியில் இருந்த வளையத்தை உருவி எடுத்தாள்.

பழுப்பு நிறம். கனமான வளையம். மேலே சின்னச் சின்னதாக வரிகள். மூக்கருகே கொண்டுபோனாள். புகை மணந்தது.

இந்த வீட்டுக்கு வாழவந்த நாள் முதல் அவளுக்குத் தெரிந்த மணம் அது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புகைப்புரையில், ரப்பர் பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்து, ஷீட்டாக்கிக் காயப்போடும்போது வருகிற மணம்.

“மாமா.”

“என்ன மக்களே.”

“இது கடையில வாங்கின வாஷர் இல்லியே.”

ஆபேல் சுவரில் ஒட்டியிருந்த பல்லியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்.

“மாமா!”

“மக்களே, நீ திட்டப்பிடாது” என்று சின்னப் பிள்ளைபோல் ஆரம்பித்தார். “இந்த வாரத் தொடக்கத்துல ராத்திரி சொட்டு சொட்டா ஒரு சத்தம் கேட்டுது. உனக்க மாமி நேசத்துக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் உறக்கம் போயிரும். தெரியுமில்லியா? நான் திறந்து பாத்தேன். அந்த வாஷர் காயிதம் மாதிரி மெலிசா இருந்துது. இதெல்லாம் ஒரு ரப்பரான்னு நெனச்சேன். லோகம் முழுக்க வண்டி ஓடுதது நம்ம ரப்பருலயாக்கும். நம்ம புரையில ஒண்ணாந்தரம் ஷீட்டு கிடக்கும்போ அவளுக்கு எதுக்குக் கண்ட ரப்பரு? கத்திரிச்சுப் போட்டேன். அன்னைக்கு லேசாத்தான் ஒழுகிச்சு. பதிஞ்சா நிக்கும்னு இருந்தேன்.”

ஜெஸ்பினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த அறையில் கம்பி எட்சனின் சம்பாத்தியம், தரை ஜெஸ்பினின் யோசனை. மனைவிக்காகத் தன் கையால் ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று இந்த மனிதர் ஆசைப்பட்டிருக்கிறார். அது அவளுக்குப் புரிந்தது. பாசம்தான் வந்தது.

“இந்த வரி மேல விரலை வச்சுப் பாருங்க மாமா.”

ஆபேல் வளையத்தை வாங்கிப் பெருவிரலால் தடவினார். ஒரு முறை, மறு முறை. அப்படியே நின்றுவிட்டார்.

“ஏலே ஆபேலு!” என்று தன்னையே அதட்டினார். “வெள்ளம் வடிஞ்சு சீக்கிரம் உணங்கட்டும்னுல்லா ரோலர்ல வரி போடுதோம்! வடியதுக்குன்னே செய்த சாமானத்தக் கொண்டுபோய் அடைக்கதுக்குப் போட்டிருக்கேனே!”

ஜெஸ்பின் சிரிக்கத் தொடங்கினாள். அவரும் சிரித்தார். நேசபாய் விழுந்த நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

“பழைய வாஷரைத் தூர எறிஞ்சியளா?”

“எறிவேனா? புரையில ஆணியில மாட்டியிருக்கேன்” என்று ஓடினார். அறுபது கடந்த மனிதர் ஓடுகிற ஓட்டமா அது! போன வேகத்தில் திரும்பி வந்தார்.

ஜெஸ்பின் அந்த வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிழிசல் இல்லை. ஓரத்தில் செம்மண் படிந்து நரநரவென்றிருந்தது. டேங்கின் அடியில் வாஷர் உட்காருகிற விளிம்பிலும் அதே செம்மண்.

“மழைக்குக் கிணறு கலங்கிச்சு இல்லியா, அந்த மண்ணு இதுக்கடியில வந்து இருந்திருக்கு. அதுதான் சொட்டு சொட்டாப் போயிருக்கு. வாஷர் பாவம், ஒரு குற்றமும் செய்யேல்ல.”

சோப்பு போட்டு வாஷரைக் கழுவினாள். பழைய துணியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். விரலால் தடவி, மண் தட்டுப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். வாஷரைக் குழாயின் அடியில் மாட்ட எடுத்தபோது வாசலில் கார் ஹாரன் கேட்டது.

கரண்டும் அப்போதுதான் போயிற்று. மோட்டார் நின்றது.

“வந்துட்டாவளே!” ஆபேலின் முகம் வெளுத்தது. “நீ மாட்டு மக்களே, நான் போறேன்.”

“நீங்க போனா மைனி ஒரே கேள்வியில எல்லாத்தையும் பிடுங்கிருவாவ. நான் போய் அவங்களை வாசல்ல கொஞ்சம் நிறுத்துதேன். நீங்க மாட்டுங்க.”

“இந்தக் கை ஒருக்கா கெடுத்தது போதாதா மக்களே?”

“ரப்பர் மரத்துக்கு நோகாம பட்டை சீவுத கையில்லியா இது? வளையம் மடங்காம, நெகிழாம இருக்கணும். குழாயை வச்சு ஒரு திருகு, பெறகு கீழ வால்வைத் திறந்துவிடுங்க. அவ்வளவுதான் மாமா. உங்களால முடியும்.”

போகிற போக்கில் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனாள். மாமனார் தோளில் தட்டுவது இந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

காரிலிருந்து நேசபாய் இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் வாக்கர், பிறகு ஒரு கால், பிறகு மறு கால். ஷெர்லி பின்னால் அணைகட்டினாற்போல் நின்றாள். நேசபாய் மெலிந்திருந்தாள். ஆனால் தன் வீட்டு மாமரத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“மாமி!” ஜெஸ்பின் போய்க் கட்டிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் “வீட்டு வேலையை நான் பாத்துக்கிடுதேன், நீ பி.எட். முடி” என்று புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிய பெண் இவள். அந்த நன்றியை ஜெஸ்பின் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லத் தெரியாமல் இறுக்கிப் பிடித்தாள்.

“கொஞ்ச நேரம் இங்கன இருங்க மாமி, களைச்சு வந்திருக்கிய.”

“இருக்கதெல்லாம் பெறகு மக்களே. மார்த்தாண்டத்துல இருந்தே பிடிச்சுக்கிட்டு வாறேன். நேரே உள்ள போணும்.”

ஜெஸ்பினுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். உள்ளே நுழைந்தபோது ஆபேல் கழிவறை வாசலில் நின்றார். முழங்கை வரை ஈரம். சட்டையில் நீலப் பொட்டுகள். மனைவியைப் பார்த்தார்.

“வந்தியா” என்றார்.

“வந்தேன்” என்றாள் நேசபாய். அவர் சட்டையைப் பார்த்தாள்.

ஷெர்லி முதலில் உள்ளே போனாள். கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தரையில் தண்ணீரை ஊற்றிக் காலால் தேய்த்துப் பார்த்தாள். கடைசியாக ஃப்ளஷ் பட்டனை அமுக்கினாள். வெளிர்நீலத் தண்ணீர் சுழன்று இறங்கியது.

“இதென்ன நீலம்?”

“ஒழுகுதான்னு பாக்கச் சோதனை பண்ணினேன் மைனி. காலையில ஒழுகிச்சு. இப்பம் செரி பண்ணியாச்சு” என்றாள் ஜெஸ்பின். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“ஒழுகிச்சா?” ஷெர்லியின் புருவம் ஏறியது. “கரண்டும் இல்ல. டேங்கு காலியாச்சுன்னா அம்ம என்ன செய்வா?”

டேங்கில் தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலோரம் நின்ற ஆபேலின் உதடுகள் அசைந்தன. அவர் ஜெபிக்கிறார் என்று ஜெஸ்பினுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் எந்தச் சத்தமும் நிற்க வேண்டும் என்று அவர் இவ்வளவு ஆசையாகக் காத்திருந்ததில்லை.

சர்ரென்ற சத்தம் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நின்றது.

ஷெர்லி குனிந்து பார்த்தாள். க்ளோசெட்டின் உள்சுவரில் காலையில் ஓடிய ஓடை இல்லை. ஒரு சொட்டு வழியவில்லை.

“போதும் தள்ளு” என்று நேசபாய் வாக்கரோடு உள்ளே நுழைந்தாள்.

“அம்மா, கதவு திறந்தே கிடக்கட்டும். நான் நிக்கேன்.”

“உனக்க வீட்டுல திறந்து வச்சேன் மக்களே. இது எனக்க வீடு.”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷெர்லி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, பிடித்து எழுப்பிவிட்டவள் அவள். உள்ளே கம்பி அசையும் சத்தம் கேட்டது. பிறகு ஃப்ளஷ். தண்ணீர் ஏறி, தானே நின்றது.

நேசபாய் வெளியே வந்தபோது அவள் நெற்றியில் வியர்வை. முகத்தில் ராணிக்குரிய திருப்தி.

“ஷெர்லி, வண்டியில இருந்து பையை எடுத்துட்டு வா. அந்த அலமாரியில அடுக்கு.”

ஷெர்லி அழுதுவிட்டாள். “நான் உன்னை நம்பாம இல்ல ஜெஸ்பின்” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “ஆஸ்பத்திரியில அம்ம வலியில கத்தினது இப்பவும் எனக்க காதுல நிக்கி. அதாக்கும் பயம். நான் மகளா இருந்து பயந்துக்கிட்டுதான் இருந்தேன். நீ செய்து காட்டிட்ட. உனக்கு நான் எப்படி நன்றி சொல்ல?”

“நீங்க இத்தனை நாளும் கண்ணு போலப் பாத்துக்கிட்டதுக்கு நான்தான் மைனி சொல்லணும். பின்ன, கடைசியில மாட்டினது மாமாவாக்கும்.”

நேசபாய் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆபேல் ஈரக் கையைச் சட்டையில் துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆபேல் ஜெபம் செய்தார். சுகம் தந்ததற்கு ஸ்தோத்திரம், பிரயாணத்துக்கு ஸ்தோத்திரம், ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி ஆமென் போடப்போனார். நேசபாய் கண்ணைத் திறக்காமலேயே அவர் முழங்கையை இடித்தாள்.

“கக்கூசுக்கும் சொல்லுங்க.”

ஆபேல் தொண்டையைச் செருமினார். “இந்தக் கழிவறைக்காகவும், அதை உண்டாக்கின எனக்க மருமகளுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே.” ஆமென் எல்லோரும் சேர்ந்துதான் சொன்னார்கள்.

கிழங்கைப் பிட்டுக்கொண்டே நேசபாய் சொன்னாள், “ஆஸ்பத்திரியில கிடக்கும்போ நான் ஒரு பொருத்தனை பண்ணினேன். நடந்து வீட்டுக்கு வந்தா சர்ச்சுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை குடுப்பேன்னு.”

“நானும் நெனச்சேன்” என்று ஆபேல் உற்சாகமானார். “பெரிய சுவர்க் கடிகாரம் ஒண்ணு. அடியில உனக்க பேரு.”

“கடிகாரம் வேண்டாம். சர்ச்சுப் பின்பக்கம் ஒரு யூரோப்பியன் கக்கூசு.”

ஆபேலின் கை அந்தரத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைகளைப் போதகர் சத்தமாக வாசிப்பார். ஜெஸ்பினின் அப்பா உட்பட கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருந்து கேட்பார்கள். ஃபேன் கொடுத்தவர்கள் இறக்கையில் பெயர் எழுதிக்கொள்வார்கள். இதை எங்கே எழுதுவது?

“போதகரு அதை வாசிக்கும்போ...” என்று இழுத்தார்.

“வாசிக்கட்டும். சர்ச்சு செக்கரட்டரி ஜெபசீலனுக்க அம்ம இல்லியா, பூங்கனி அக்கா? ஆஸ்பத்திரியில என்னைப் பாக்க வந்தாவ. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா ஒரு வாய் வெள்ளம் குடிக்க மாட்டாவளாம். சர்ச்சுல இருக்குத கக்கூசுக்குப் படி இறங்கணும், குத்தவைக்கணும். அவங்களுக்கு முடியாது. பட்டினி கிடந்து வந்து பாத்து, ஒருநாள் தலை சுத்தி, பெறகு வரதையே விட்டுட்டாவ. மகன்கிட்ட சொல்ல வெக்கம். நான் அவங்க பக்கத்துல இருந்து இத்தனை வருஷம் பாட்டுப் பாடினவ. விழுந்த பெறகுதான் எனக்கு மனசிலாச்சு.”

ஆபேல் இடது கையால் செல்போனை எடுத்தார். ஜெபசீலனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நேசபாயின் பொருத்தனை என்ன என்று தெளிவாகச் சொன்னார். கழிவறை என்ற சொல்லை அவர் விழுங்கவில்லை. பூங்கனியின் காரியத்தையும் சொன்னார்.

“முட்டுவலின்னுல்லா எங்கம்ம என்கிட்ட சொன்னா” என்றான் ஜெபசீலன். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவளை வீட்டுல விட்டுட்டு நான் முன்வரிசையில போய் இருந்திருக்கேனே, மாமா.” மூச்சு வாங்கினான். “மாமிகிட்ட சொல்லுங்க, நான் நாளைக்கே கமிட்டில கொண்டு வாறேன். எல்லாரும் ஒத்துக்கிடுவாங்க. ஒரு ஆளைத் தவிர. பழைய முறையை மாத்தப்பிடாதுன்னு அவரு எழும்பி நிப்பாரு. அவரு நின்னா போதகரும் பேசமாட்டாரு.”

“ஆருடே அது?”

ஜெபசீலன் தயங்கினான். போன் ஸ்பீக்கரில் கிடப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெஸ்பின் மாமியாரின் தட்டில் மீன் கறியை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுப் போனின் பக்கம் குனிந்தாள்.

“சும்மா சொல்லுங்க அண்ணா” என்றாள். “எங்கப்பாதானே?”